இடைச்சொல்லுக்கு என்ன அர்த்தம்? சினைப்பைப் புற்றும் புரதம் செய்யாத ஆர்.என்.ஏ.வும்

போன ஆனி மாசம் மைனி ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். மலைக்கு அந்தப் பக்கம் அவளுடைய சினைப்பைப் புற்றுக்கு வைத்தியம் நடக்கிற ஆஸ்பத்திரியில் கொடுத்தது. ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் இங்கிலீஷ். மைனி மலையாளம் பேசினால் புனலூர்க்காரர்களே ஊர் எது என்று கேட்க மாட்டார்கள். எழுத்து மட்டும் தெரியாது. "ஏளா, நீ பயாலஜி டீச்சர்தானே. இதுல என்னமோ ஆர்.என்.ஏ.ன்னு போட்டிருக்காம். கையெழுத்துப் போடணுமாம். அது என்னத்துக்குன்னு படிச்சுச் சொல்லு."

படித்தேன். ஆபரேஷனில் எடுக்கும் கட்டியிலிருந்து ஒரு துண்டை ஆராய்ச்சிக்குத் தர சம்மதமா என்று கேட்கும் படிவம். ஆராய்ச்சியின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'சினைப்பைப் புற்றில் நீள் குறியீடற்ற ஆர்.என்.ஏ.வின் பங்கு'. வகுப்பில் நான் நடத்துவது தூது ஆர்.என்.ஏ., கடத்து ஆர்.என்.ஏ., ரிபோசோம் ஆர்.என்.ஏ. அதற்கு மேல் போனதில்லை. ஆக முதலில் நான் படித்து, பிறகு மூன்று சாயங்காலம் மைனிக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

செங்கோட்டைக்காரர்களுக்கு வைத்தியத்துக்கு மேற்கே போவது பழகின விஷயம். 1956 நவம்பர் 1 வரை எங்கள் தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. இன்றைக்கும் பெரிய வியாதி என்றால் சிலர் மதுரைக்குப் போவார்கள், சிலர் ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறுவார்கள். அங்கே 1981-இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையத்தை 'ஆர்.சி.சி.' என்று சொன்னால் எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மலையாளத்தில் சினைப்பைக்கு 'அண்டாசயம்' என்று பெயர். நர்ஸ் அப்படிச் சொன்னபோது மைனிக்கு அண்டாதான் ஞாபகம் வந்ததாம். "அண்டா கணக்காத்தான் வீங்கிக் கெடந்துது வயிறு, சரியாத்தான் சொல்லுதாவன்னு நெனச்சேன்" என்றாள்.

நம் பக்கம் இன்னொரு குழப்பம் உண்டு. கருப்பையில் கட்டி, கருப்பைவாயில் புற்று, சினைப்பையில் புற்று எல்லாவற்றையும் 'கர்ப்பப்பையில கேன்சர்' என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவோம். கருப்பைக்கு இரண்டு பக்கமும் பாதாம் பருப்பைவிடச் சற்றுப் பெரிதாக ஒன்றொன்று இருக்கிறதே, கருமுட்டை உருவாகும் இடம், அதுதான் சினைப்பை. பள்ளிப் புத்தகத்தில் அண்டகம், ரிப்போர்ட்டில் ஓவரி. வேடிக்கை என்னவென்றால், சினைப்பைப் புற்று என்று நாம் சொல்வதில் அதிகம் காணப்படும் வகை பெரும்பாலும் சினைப்பையில் தொடங்குவதே இல்லை. பக்கத்தில் இருக்கும் கருக்குழாயின் நுனியில் முளைத்து, பிறகு சினைப்பையில் வந்து ஒட்டிக்கொள்கிறது.

உலகத்தில் ஆண்டுக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இது புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. 2 லட்சத்துக்கு மேல் இறக்கிறார்கள். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுகளில் மார்பகம், கருப்பைவாய் இரண்டுக்கும் அடுத்து இதுதான். இவ்வளவு சாவுக்குக் காரணம், நோய் சத்தம் போடாமல் வளர்வது. வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்த மாதிரி, அடிவயிற்றில் கனம், அடிக்கடி சிறுநீர். இதில் எதற்கு ஒரு பெண் டாக்டரிடம் போவாள்? மைனி எட்டு மாதம் கேஸ் மாத்திரை சாப்பிட்டாள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது; நானும் ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். வயிற்றில் நீர் கோர்த்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். ஐம்பது வயதை ஒட்டிய பெண்ணுக்குப் புதிதாக ஒரு உப்புசம் வந்து இரண்டு மூன்று வாரம் விடாமல் நின்றால் ஒரு ஸ்கேன் பார்த்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஆர்.என்.ஏ. புரியாவிட்டாலும் பரவாயில்லை, இது புரிந்தால் போதும்.

சரி, ஆர்.என்.ஏ.

வீட்டுக்கு மூலப் பத்திரம் இருக்கிறது. அதை யாரும் கையில் எடுத்துக்கொண்டு அலைவதில்லை. பீரோவில் பூட்டி வைத்துவிட்டு, லோன் கேட்கும்போது ஒரு நகல், மின் இணைப்புக்கு ஒரு நகல் என்று எடுத்துப் போகிறோம். செல்லின் உட்கருவில் பூட்டிக் கிடக்கும் டி.என்.ஏ.தான் மூலம். தேவைப்படும் பகுதியை மட்டும் நகல் எடுத்து வெளியே அனுப்பினால் அது ஆர்.என்.ஏ. அந்த நகலைப் படித்துப் புரதம் செய்யப்படுகிறது. தசை, ஹார்மோன், நொதி என்று உடம்பில் வேலை செய்கிற பெரும்பாலான சாமான்கள் புரதங்கள்தான். பள்ளியில் சொல்லித் தருவது இவ்வளவு.

மனித டி.என்.ஏ.வில் சுமார் 300 கோடி எழுத்துகள். புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. அவற்றில் புரதத்துக்கான குறிப்பாக இருக்கும் எழுத்துகளை மட்டும் கூட்டினால் மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டுகூட வராது. மீதி எல்லாம் எதற்கு? 1972-இல் சுசுமு ஓனோ என்ற விஞ்ஞானி 'குப்பை டி.என்.ஏ.' என்ற சொல்லை எழுதினார், அது ஒட்டிக்கொண்டது. பிற்பாடு நுட்பமான கருவிகள் வந்து பார்த்தால், அந்தக் 'குப்பை'யிலிருந்தும் செல் ஏராளமாக நகல் எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நகல்களில் புரதத்துக்கான குறிப்பு இல்லை. அவற்றில் 200 எழுத்துக்கு மேல் நீளமானவற்றைத்தான் நீள் குறியீடற்ற ஆர்.என்.ஏ. என்கிறார்கள். சுருக்கமாக 'நீள் ஆர்.என்.ஏ.' என்று வைத்துக்கொள்வோம். 200 என்ற எண்ணில் இயற்கையின் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் சின்ன ஆர்.என்.ஏ.க்களை வடிகட்டிப் பிரிக்கும் வசதிக்காக வைத்த எல்லை. மனிதனில் இப்படிப்பட்ட மரபணுக்கள் புரத மரபணுக்களுக்கு எண்ணிக்கையில் குறையாதவை. அதற்காக அத்தனைக்கும் வேலை உண்டு என்று சொல்லிவிட முடியாது. சும்மா எழுந்து அடங்கும் இரைச்சலும் அதில் நிறையவே இருக்கும்.

"பொருள் இல்லாத எழுத்தை எதுக்கு நகல் எடுக்கணும்?" என்று மைனி கேட்டாள். நல்ல கேள்வி. பதில் எனக்குத் தமிழ் இலக்கணத்தில் கிடைத்தது.

'முருகன் வந்தான்.' இதில் பெயர் ஒன்று, வினை ஒன்று. இரண்டுக்கும் தனியாகவே பொருள் உண்டு. இப்போது 'முருகனும் வந்தான்', 'முருகனே வந்தான்', 'முருகனா வந்தான்?' என்று சொல்லிப் பாருங்கள். உம், ஏ, ஆ. இவற்றைத் தனியாக எடுத்து வைத்து 'உம் என்றால் என்ன?' என்று கேட்டால் அகராதிக்காரரே தடுமாறுவார். ஆனால் பெயரோடு ஒட்டிக்கொண்டதும் சொன்ன செய்தி வேறாகிவிடுகிறது. கல்யாண வீட்டில் 'அவளா வந்திருக்கா?' என்றால் சண்டை, 'அவளே வந்திருக்கா' என்றால் பெருமை. இவற்றை நாம் இடைச்சொல் என்கிறோம். நீள் ஆர்.என்.ஏ. செல்லின் இடைச்சொல். தானாக ஒரு புரதத்தையும் சொல்லாது. சொல்கிற மரபணுவோடு சேர்ந்து அதை அழுத்தியோ அடக்கியோ திசை மாற்றியோ விடும்.

இதற்கு நல்ல சாட்சி பூனை. கறுப்பும் ஆரஞ்சும் வெள்ளையும் திட்டுத் திட்டாகக் கலந்த மூவண்ணப் பூனையைப் பார்த்திருப்பீர்கள். அது கிட்டத்தட்ட எப்போதும் பெண் பூனையாகத்தான் இருக்கும். பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. இரண்டும் ஒரே சமயத்தில் வேலை செய்தால் அளவு மிஞ்சும். அதனால் ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ் அமர்த்தப்படுகிறது. ஆரஞ்சு நிறமும் கறுப்பு நிறமும் எக்ஸில் இருக்கும் ஒரே இடத்தின் இரண்டு வடிவங்கள்; எந்த எக்ஸ் அடங்கியது என்பதைப் பொறுத்து அந்தத் திட்டு ஆரஞ்சு அல்லது கறுப்பு. இப்படி அமர்த்தும் வேலையைச் செய்வது 'எக்ஸிஸ்ட்' என்ற நீள் ஆர்.என்.ஏ. 1991-இல் கண்டுபிடித்தார்கள். பிறந்த குரோமோசோமின் மேலேயே போர்வை மாதிரிப் படர்ந்து அதைத் தூங்கவைத்துவிடும். புரதம் ஒன்றுகூடச் செய்யாமல் ஒரு முழுக் குரோமோசோமையே வாய் மூடச் செய்கிறதே, இதைக் குப்பை என்று எப்படிச் சொல்வது?

இனி புற்று. புற்று என்பது வளர்ச்சிக் கணக்கு பிசகுவது. வளரச் சொல்லும் மரபணுக்கள் ஓயாமல் கூவும், அல்லது நிறுத்தச் சொல்லும் மரபணுக்கள் ஊமையாகும். சினைப்பையில் அதிகம் வரும் அந்த வகையில் 'டி.பி.53' என்ற காவல் மரபணு கெட்டிருப்பது 2011-இல் வெளிவந்த பெரிய மரபணு ஆய்வில் நூற்றுக்கு 96 கட்டிகளில் தெரிந்தது. ஆக, பெயர்ச்சொல் வினைச்சொல்லில் பிழை இருப்பது உறுதி. இடைச்சொல்லிலும் பிழை இருக்குமோ என்று பிறகுதான் தேடினார்கள். இருந்தது.

'ஹோட்டேர்' என்று ஒன்று. ஏறக்குறைய 2,200 எழுத்து நீளம், 2007-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். இது பிறப்பது 12-ஆம் குரோமோசோமில். அடக்குவதாகக் கண்டது 2-ஆம் குரோமோசோமில் இருக்கும் மரபணுக்களை. மரபணுவை மூடி முத்திரையிடும் நொதிக் கூட்டம் ஒன்றை ஒரு முனையிலும் இன்னொன்றை மறுமுனையிலும் பிடித்துக்கொண்டு, மூட வேண்டிய இடத்துக்குக் கூட்டிப்போகிறது என்பது அப்போது சொன்ன விளக்கம். கரு வளரும்போது கை எங்கே, கால் எங்கே என்று வகுக்கும் மரபணுக்கள் இதன் சொந்தக்காரர்கள். வளர்ந்த உடம்பில் இதற்குப் பெரிய வேலை கிடையாது. 2010-இல் மார்பகப் புற்று பரவியவர்களிடம் இது மிகுந்திருப்பதாகத் தெரிந்தது. பிறகு சினைப்பைக் கட்டிகளிலும் பார்த்தார்கள்: ஹோட்டேர் கூடுதலாக இருந்த பெண்களுக்கு நோய் பரவலும் கூடுதல், சிஸ்பிளாட்டின் மருந்துக்குக் கட்டி மசிவதும் குறைவு என்று பல குழுக்கள் எழுதின. மூடக் கூடாத மரபணுவைக் கூட்டிக்கொண்டுபோய் மூடினால் என்ன ஆகும் என்பதை யூகிக்கலாம். செல் இருந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுகிறது.

சினைப்பைப் புற்று கிளம்புகிற விதமும் தனி. மற்ற பல புற்றுகள் ரத்தக் குழாய் வழியே தூர தேசம் போகும். இது வயிற்றுக்குள்ளேயே நீரில் மிதந்து, குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையிலும் வயிற்று உறையிலும் போய் ஒட்டும். அதனால்தான் அந்த நீர்க்கோர்வை.

எனக்கு மிகவும் பிடித்த கதை 'பி.வி.டி.1'. எட்டாம் குரோமோசோமில் 'மிக்' என்ற பேர்போன வளர்ச்சி மரபணு இருக்கிறது. அதன் அடுத்த வீடு பி.வி.டி.1. சினைப்பைக் கட்டிகள் பலவற்றில் அந்தத் தெருவே இரண்டு மூன்று என்று படி எடுக்கப்பட்டு எண்ணிக்கை பெருகியிருக்கும். மிக் பெருகினால் புற்று வளரும், அது தெரிந்ததுதான். அடுத்த வீட்டுக்காரன் கூட்டத்தோடு கூட்டமாகப் பெருகியிருக்கிறான், பாவம் என்று விட்டுவிட்டார்கள். 2007-இல் ஒரு குழு பி.வி.டி.1-ஐ மட்டும் அடக்கிப் பார்த்தது. அது பெருகிக் கிடந்த சினைப்பைப் புற்று செல்கள் வளர்ச்சி குன்றிச் செத்தன. 2014-இல் காரணத்தில் ஒரு பகுதி கிடைத்தது: செல் மிக் புரதத்தை அவ்வப்போது சிதைத்து அளவோடு வைத்திருக்கும், பி.வி.டி.1 கூட இருந்தால் அந்தச் சிதைவு தடைபடுகிறது. திருடனுக்குத் திண்ணையில் இடம் கொடுத்த கதை. சாட்சிக் கூண்டில் நிற்க வேண்டியவன் என்று நினைத்தவனும் குற்றவாளிதான்.

இன்னொரு தந்திரத்தைச் சொல்ல எங்கள் பாதையே உதவும். மலை ஏறும் வழியில் செக்போஸ்ட்டுக்குக் குறைவில்லை. கோழி வண்டி, எம்-சாண்ட் லாரி எல்லாம் நிற்க வேண்டும். செல்லுக்குள்ளும் செக்போஸ்ட் உண்டு. சுமார் 22 எழுத்தே உள்ள குட்டி ஆர்.என்.ஏ.க்கள், மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர். இவற்றைக் கண்டுபிடித்ததற்காகத்தான் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் இருவருக்கும் 2024 நோபல் பரிசு. புரதம் செய்யப் போகும் நகல்களை மறித்து நிறுத்துவது இவற்றின் வேலை. இப்போது ஒரு பேச்சுக்காரர் வந்து அதிகாரியைக் கையைப் பிடித்து டீக்கடைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டார் என்று வையுங்கள். லாரி போய்விடும். 'எச்19' என்ற நீள் ஆர்.என்.ஏ. 'லெட்-7' என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வை இப்படி உட்கார வைக்கிறது. லெட்-7 மறிப்பது வளர்ச்சியைத் தூண்டும் நகல்களை. எச்19 கருவில் நிறைய இருக்கும், பிறந்த பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும். சினைப்பைக் கட்டிகள் பலவற்றில் மறுபடி எழுந்து நிற்கிறது.

பஞ்சு நீரை உறிஞ்சுவது போல என்று இதை எழுதுவார்கள். எனக்கு இந்த விளக்கத்தில் ஒரு சந்தேகம் உண்டு, விஞ்ஞானிகளிடமும் அது இருக்கிறது. செக்போஸ்ட்டில் ஒரு அதிகாரி என்றால் ஒரு பேச்சுக்காரர் போதும். ஆயிரம் அதிகாரிகள் இருந்தால்? பல நீள் ஆர்.என்.ஏ.க்கள் ஒரு செல்லில் விரல்விட்டு எண்ணும் அளவே இருப்பவை. அவை ஆயிரம் பேரை எப்படி உட்கார வைக்கும்? 'இந்த நீள் ஆர்.என்.ஏ. அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வை உறிஞ்சுகிறது' என்று வெளிவரும் கட்டுரைகள் மலைபோலக் குவிந்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

எல்லா நீள் ஆர்.என்.ஏ.வும் வில்லன் என்றும் நினைக்க வேண்டாம். 'மெக்3' நல்ல பிள்ளை, டி.பி.53-க்குக் கைகொடுப்பது. சினைப்பைக் கட்டிகளில் அது குறைந்தோ காணாமலோ போகிறது. 'மாலட்1' கதைதான் குழப்பம். 2003-இல் நுரையீரல் புற்று பரவுவதோடு தொடர்புள்ளது என்று கண்டு அந்தப் பெயரையே வைத்தார்கள். சினைப்பைப் புற்றிலும் மிகுந்திருப்பதாகச் சொன்னார்கள். அதை முழுவதும் நீக்கிய எலிகளை 2012-இல் வளர்த்துப் பார்த்தால் அவை பாட்டுக்கு நன்றாக ஓடித் திரிந்தன. 2018-இல் ஒரு குழு, மார்பகப் புற்றில் மாலட்1 பரவலைத் தடுக்கிறது என்றே காட்டியது. ஒரே 'ஏ', சொல்கிற குரலைப் பொறுத்துப் பெருமையாகவும் வரும், வசையாகவும் வரும்.

"அப்போ ரத்தத்துல இதைப் பார்த்து முன்னாடியே கண்டுபிடிச்சிரலாம்லா?" மைனிக்கு அந்த எட்டு மாதம் மனதை விட்டுப் போகவில்லை.

இன்றைக்கு முடியாது. சினைப்பைப் புற்றுக்கு ஒப்புதல் பெற்று வழக்கத்துக்கு வந்த நீள் ஆர்.என்.ஏ. பரிசோதனை எதுவும் இல்லை. யாராவது விற்றால் வாங்காதீர்கள். இப்போது எடுப்பது 'சி.ஏ.125' ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும். சி.ஏ.125 மாதவிலக்கிலும் கூடும், கருப்பையின் உள்சவ்வு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸிலும் கூடும், நம் நாட்டில் அடிக்கடி பார்க்கும் வயிற்றுக் காசநோயிலும் கூடும். நோயைத் தொடர்ந்து கவனிக்க உதவும். நன்றாக இருக்கும் பெண்களையெல்லாம் சலித்தெடுக்க உதவாது. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வருடக்கணக்கில் கவனித்த ஆய்வு, ஆண்டுதோறும் இதைச் சோதித்தும் இந்தப் புற்றால் வரும் சாவு குறையவில்லை என்று 2021-இல் முடிவு சொன்னது. அதனால்தான் வேறு தடயம் தேடுகிறார்கள். அந்தத் தேடல் வீண் என்றும் சொல்ல முடியாது. ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றில் 'பி.சி.ஏ.3' என்ற நீள் ஆர்.என்.ஏ.வைச் சிறுநீரில் அளக்கும் பரிசோதனைக்கு 2012-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது.

குடும்பத்தில் அம்மா, அக்கா, சித்தி என்று மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்திருந்தால் கேட்க வேண்டியது வேறு பரிசோதனை: 'பி.ஆர்.சி.ஏ.' மரபணு. அது இன்றே கிடைக்கிறது, முடிவைப் பொறுத்து மருந்துகூட மாறும். மைனியின் மகளுக்காக அதைத்தான் டாக்டரிடம் கேட்கச் சொன்னேன்.

மருந்து என்று பார்த்தால், கெட்ட நீள் ஆர்.என்.ஏ.வோடு சரியாகப் பொருந்தும் எதிர் எழுத்துத் துண்டைச் செய்து அனுப்பி அதைச் சிதைக்கலாம். ஆய்வுக்கூடத் தட்டில் நன்றாக நடக்கிறது. உடம்புக்குள் கட்டிக்கு மட்டும் போய்ச் சேர வைப்பதுதான் சிக்கல். எலியில் சோதிக்கலாம் என்றால், மனிதனில் இருக்கும் நீள் ஆர்.என்.ஏ. பலவற்றுக்கு எலியில் ஜோடியே கிடையாது. எச்19-ஐ வைத்து ஒரு கெட்டிக்கார யோசனை நடந்தது. அந்த மரபணுவின் சுவிட்சை மட்டும் கழற்றி எடுத்து, தொண்டை அடைப்பான் கிருமியின் நஞ்சுக்கு மாட்டி, வயிற்றுக்குள் செலுத்தினார்கள். எச்19 விழித்திருக்கும் புற்று செல்லில் மட்டுமே சுவிட்ச் எரியும், நஞ்சு உருவாகும். மற்ற செல் தப்பிக்கும். சில நோயாளிகளிடம் சிறிய அளவில் சோதித்தார்கள். கடைக்கு வரும் மருந்தாக இன்னும் ஆகவில்லை. மைனிக்கு இப்போது ஓடுவது வழக்கமான கார்போபிளாட்டினும் பாக்லிடாக்ஸலும்தான்.

"அப்போ என் துண்டால எனக்கு என்ன?" என்று கேட்டாள். உங்களுக்கு ஒன்றும் இல்லை மைனி, என்றேன். படிவத்திலும் அப்படித்தான் இருந்தது. மருந்துக்கு அடங்கிய கட்டியிலும் அடங்காத கட்டியிலும் எந்த நீள் ஆர்.என்.ஏ. எவ்வளவு என்று நூற்றுக்கணக்கான துண்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். வேண்டாம் என்றாலும் வைத்தியம் மாறாது. எப்போது வேண்டுமானாலும் பின்வாங்கலாம்.

கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, "அதை எங்க வச்சிருப்பாவ, அழுகிராதா?" என்று கேட்டாள். ஆர்.என்.ஏ. சீக்கிரம் உடைந்துபோகும் பொருள். நம் கை வியர்வையில் இருக்கும் நொதியே அதை அரித்துவிடும். அதனால் எடுத்த உடனே உறைய வைத்து, மைனஸ் 80 டிகிரியில் வைப்பார்கள் என்று சொன்னேன். மைனி தலையில் கட்டியிருந்த துண்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"குத்தாலத்துச் சாரல்ல நிக்கவே எனக்குப் பல்லு கிட்டிக்கும். அதுக்குக் கூடுதலா ஒரு போர்வை போடச் சொல்லு ஏளா."